ஏழு நாள் பொறுக்காத காய்

பயற்றங்காய்ப் பூ ஒரு காலைப்பொழுதுக்குத்தான் பூ. விடியும்போது விரியும், வெயில் ஏறச் சுருங்கும், மத்தியானத்துக்குள் வாடிவிடும். அது உதிர்ந்த இடத்தில் ஊசி போலொரு பிஞ்சு நிற்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தப் பிஞ்சு ஒரு முழத்துக்கு மேல் நீண்டு, பந்தல் கம்பிலிருந்து தொங்கும். ஆய்வதற்குச் சரியான பதம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதைத் தவறவிட்டால் காய் ஊதி வெளிறி, உள்ளே விதை முத்தி, ஒடித்தால் பஞ்சுபோல் மடியும். சந்தையில் அதை எவரும் கையால் தொடமாட்டார்கள். ஆகவே பயற்றங்காய்த் தோட்டக்காரருக்கு ஒன்றுவிட்ட ஒருநாள் ஆய்ச்சல். மழையென்றாலும் செத்தவீடென்றாலும் ஆய்ந்தே ஆகவேண்டும்.

இந்த நாட்கணக்கை முதலில் சொல்லிவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மருந்துப் போத்தலின் சிட்டையிலும் ஒரு நாட்கணக்கு அச்சடித்திருக்கிறது. கடைசியாகத் தெளித்த நாளுக்கும் காய் ஆயும் நாளுக்கும் இடையில் இத்தனை நாள் விடவேண்டும் என்பது அந்தக் கணக்கு. மருந்துக்கு மருந்து அது மாறும். சிலவற்றுக்கு மூன்று நாள், சிலவற்றுக்கு ஏழு, சிலவற்றுக்குப் பதினான்கு. செடியின் கணக்கும் போத்தலின் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில்தான் நம்முடைய சாப்பாட்டுக் கோப்பையின் கதை தொடங்குகிறது.

வன்னியில், விசுவமடுப் பக்கத்தில் ஒரு தோட்டத்தை எனக்குத் தெரியும். அரை ஏக்கருக்கும் குறைவு. கிணறு, அதன்மேல் ஒரு மண்ணெண்ணெய்ப் பம்பு, நாலு வரிசைப் பயற்றங்காய், பக்கத்தில் கத்தரியும் பச்சைமிளகாயும். அதைச் செய்கிற அக்கா காலை ஐந்தரைக்கே கொடிக்குள் நிற்பார். ஒருநாள் ஓர் இலையைத் திருப்பிக் காட்டினார். இலையின் அடிப்பக்கமும் இளந்தண்டும் மைபூசியது போலக் கறுத்திருந்தன. கிட்டப் பார்த்தால் அந்தக் கறுப்பு மெல்ல அசைந்தது. அழுக்கணவன். தண்டின் சாற்றை உறிஞ்சிக் கொடியைச் சுருட்டிப்போடும் பூச்சி. அதன் கழிவிலுள்ள இனிப்பைத் தேடி எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. பிறகு ஒரு பூமொட்டைப் பிரித்தார். உள்ளே நெல்மணியளவு புழு. அது மொட்டைத் தின்றுவிட்டுப் பிஞ்சுக்குள் துளைத்துப் போகும். காய் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஒடிக்கும்போதுதான் உள்ளே புழுவும் எச்சமும் தெரியும்.

"இதை நீங்கள் வாங்குவியளோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "ஒருத்தரும் வாங்காயினம். அதுக்காகத்தான் அடிக்கிறம்."

எங்கள் பேச்சில் அடிப்பது என்றால் மருந்தடிப்பது. பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்த வாய் நம்முடையது. உத்தியோகத் தமிழில் அது பீடைகொல்லி. அந்தச் சொல் சிட்டையில் உண்டு, தோட்டத்தில் இல்லை.

இந்த மண்ணுக்கு மருந்து வந்தது அவ்வளவு பழைய கதையல்ல. அதற்கு முன்பு விடியப்புறப் பனி இலையில் இருக்கும்போதே அடுப்புச் சாம்பலைச் சுளகில் அள்ளித் தூவுவார்கள். சாம்பல் பனியில் ஒட்டும், அழுக்கணவன் பெருகுவது மட்டுப்படும். வீட்டுத்தேவைக்குச் செய்த காலத்தில் அது போதும். 1960களிலும் 70களிலும் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கங்களில் படித்த இளைஞர்களுக்குக் காணி கொடுத்துக் குடியேற்றத் திட்டங்கள் வந்தன. மிளகாய் பணப்பயிரானது. 1970க்கும் 77க்கும் இடையில் அரசாங்கம் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வன்னிச் செத்தலுக்குக் கிடைத்த விலையைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் கண் விரியப் பேசுவார்கள். மிளகாய்க்கு இலைச்சுருளலும் கூடவே வந்தது. விலை அதிகமுள்ள பயிரைப் பூச்சிக்கு விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? முதுகில் தூக்கும் தெளிகருவி அந்தக் காலத்தில்தான் வன்னி வீடுகளின் திண்ணைக்கு வந்தது. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டு மிளகாய் விலை விழுந்தது. தெளிகருவி திண்ணையிலேயே இருந்துவிட்டது.

பிறகு போர். 1990களில் வன்னிக்குள் என்ன போகலாம், என்ன போகக்கூடாது என்று பொருளாதாரத் தடை ஒரு பட்டியல் வைத்திருந்தது. வெடிபொருள் செய்யலாம் என்று யூரியா அந்தப் பட்டியலில் இருந்தது. மருந்தும் கிடைக்காமல் தோட்டக்காரர் மறுபடி சாம்பலுக்கும் வேம்புக்கும் போனார்கள். வேப்பங்கொட்டையை உரலில் இடித்து, துணியில் கட்டி, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து, ஒட்டுவதற்கு ஒரு துண்டுச் சவர்க்காரம் கரைத்துத் தெளித்த கதையை அந்த அக்காவின் தாயார் எனக்குச் சொன்னார். சவர்க்காரமும் அந்த நாளில் லேசில் கிடைக்காத சாமான். அதை ஒரு பொற்காலமாக நான் எழுதமாட்டேன். பசியும் பயமுமாக இருந்த காலம் அது. ஆனால் அந்த மருந்தில்லாத ஆண்டுகளில் வன்னி மரக்கறி தின்றது என்பது உண்மை. ஒரு தலைமுறைக்குக் கையறிவு தங்கியது என்பதும் உண்மை.

2009க்குப் பிறகு, செட்டிகுளத்து முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் காடு மூடிய காணியை வெட்டித் துப்புரவாக்கி மறுபடி தொடங்கினார்கள். கையில் காசு இல்லை, கடன் இருந்தது. மரக்கறி இரண்டு மாதத்தில் காசாகும். ஏ-9 வீதி திறந்திருந்தது. அந்த வீதியால் மருந்து வந்தது, அதே வீதியால் மரக்கறி போனது.

இனிப் போத்தலின் வழியைப் பார்ப்போம்.

இலங்கைக்குள் வரும் எந்தப் பீடைகொல்லியும் முதலில் பேராதனை, கெட்டம்பேயில் உள்ள பீடைகொல்லிப் பதிவாளரின் மேசைக்குப் போகவேண்டும். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்ட வழி அது. பதிவில்லாத மருந்தைக் கொண்டுவரவோ விற்கவோ முடியாது. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு தண்ணீரில் எவ்வளவு, எத்தனை நாள் பொறுக்கவேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். சிட்டை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கவேண்டும்.

இந்தக் காவல் வெறும் காகிதக் காவல் அல்ல. அது உயிர் காத்த கணக்கை நாம் பெருமையோடு சொல்லவேண்டும். 1995இல் இந்த நாட்டில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகத்தின் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. பெரும்பாலான வீடுகளில் கைக்கெட்டிய ஆயுதம் மருந்துப் போத்தல். அந்த ஆண்டு மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் போன்ற மிகக்கொடிய வகைகள் நிறுத்தப்பட்டன. 1998இல் எண்டோசல்பான். 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெதோயேற், பென்தியோன், நம்மூரில் கிறமக்சோன் என்று எல்லாருக்கும் தெரிந்த பராகுவாட். இருபது ஆண்டில் அந்த வீதம் எழுபது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஏறத்தாழ 93,000 உயிர் தப்பியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கொடிய மருந்தை எடுத்துவிட்டால் விளைச்சல் படுத்துவிடும் என்று அன்று பயமுறுத்தியவர்கள் பலர். நெல்லும் மரக்கறியும் விளைந்துகொண்டுதான் இருந்தன.

2014இன் இறுதியில் இன்னொரு வெட்டு விழுந்தது. காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவிய பிரதேசங்களில் குளோர்பைரிபொஸ், கார்போபியூரன், காபரில், புரோபனில், கிளைபொசேற் ஆகிய ஐந்தின் விற்பனையையும் நிறுத்தினார்கள். வன்னியில் அந்த நோயை நன்றாக அறிந்த மாவட்டம் வவுனியா. மருந்துதான் அந்த நோயைத் தருகிறது என்று அறுதியாக நிறுவப்படவில்லை. கிணற்றுநீரின் கடினம், புளோரைட்டு, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்யும் வேலை என்று ஆய்வு பல பக்கம் போகிறது. 2015இல் கிளைபொசேற்றை நாடு முழுவதும் தடைசெய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விட்டார்கள், 2022இல் தடையைத் தளர்த்தினார்கள். இடையில் 2021 மே மாதம் இரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் ஒரே வர்த்தமானியால் நிறுத்தி, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கினார்கள்.

அந்த 2021ஐப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது. நஞ்சில்லாத சாப்பாடு என்பது நல்ல ஆசை. ஆறேழு மாதத்துக்குள் ஒரு நாட்டின் கமக்காரரை வெறுங்கையோடு பூச்சிக்கு முன் நிறுத்தியதில் அந்த நல்ல ஆசைக்கே கெட்டபேர் வந்தது. இன்றைக்கு ஒரு தோட்டக்காரரிடம் போய் மருந்தைக் குறையுங்கோ என்றால், "அந்த வருசம் பட்டது காணாதோ?" என்று கேட்கிறார். அந்த மாதங்களில்தான் கடலால் கடத்தி வந்த போத்தல்களும் புழங்கின. கெட்டம்பேயின் மேசையைக் காணாத போத்தல்கள் அவை. நம்முடைய பயிருக்கான அளவும் நாளும் அவற்றின் சிட்டையில் இல்லை.

சரி, முறையாக வந்த ஒரு போத்தலோடு போவோம். அது டவுனில் ஒரு கடைத் தட்டில் நிற்கிறது. அதை விற்பவருக்கும் சான்றிதழ் வேண்டும். தோட்டக்காரர் ஒரு கொடித்தண்டைப் பொலித்தீன் பையில் கொண்டுவந்து காட்டுகிறார். கடைக்காரர் பார்த்து ஒரு போத்தலை எடுத்துக் கொடுக்கிறார். சில வேளை இரண்டு. "இதையும் அதையும் கலந்தடியுங்கோ, நிக்கும்." ஒரு விவசாயப் போதனாசிரியருக்குக் கீழே எத்தனையோ ஊர்கள். அவர் தோட்டத்துக்கு வரும்வரை புழு பொறுக்காது. ஆகவே வன்னியில் பயிருக்கு வைத்தியர் பெரும்பாலும் கடைக்காரர்தான். மருந்தை விற்கிறவரே மருந்தை எழுதிக் கொடுக்கிறார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடைமுறை அப்படி அமைந்துவிட்டது.

அந்த அக்கா மருந்து கலப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பதினாறு லீற்றர் தாங்கி. கிணற்றடியில் வைத்து அரைவாசி தண்ணீர் ஊற்றினார். போத்தலைக் குலுக்கி, மூடியைத் திறந்து, அதே மூடியில் அளந்தார். ஒரு மூடி. கொஞ்சம் யோசித்து இன்னும் அரை மூடி. பால்போல வெள்ளை நூல் ஒன்று தண்ணீருக்குள் இறங்கிச் சுழன்று கலந்தது. மண்ணெண்ணெயும் அழுகிய உள்ளியும் சேர்ந்தது போல ஒரு மணம். கையுறை இல்லை. கணவரின் பழைய நீளக்கை சேட்டை மேலே போட்டு, முகத்துக்கு ஒரு துவாயைக் கட்டினார். தாங்கியை முதுகில் ஏற்றக் கை கொடுத்தபோது மூடியின் ஓரத்தால் வழிந்தது அவருடைய முதுகை நனைத்தது. "பழகிப்போச்சு தம்பி" என்றார்.

பயற்றங்காயில் ஒட்டியிருக்கும் துளியைப் பற்றி நகரத்தில் கவலைப்படுகிறோம். அந்த நனைந்த முதுகுக்குப் போன அளவு நம்முடைய கோப்பைக்கு வருவதைவிடப் பலமடங்கு. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை முடித்து வைக்கும் ஒரு நொதியம் உடம்பில் உண்டு. பூச்சியின் உடம்பில் அதைக் கட்டிப்போடுவதுதான் ஓகனோபொஸ்பேற் மருந்துகளின் வேலை. நம்முடைய உடம்பிலும் அதே நொதியம் இருக்கிறது. மருந்தடித்த அன்று தலையிடி, கண் மங்கல், வாயில் எச்சில் ஊறல், சத்தி என்று தோட்டக்காரர் சொல்வதை வெயிலின் தலையில் போட்டுவிடுகிறோம். அந்தச் சேட்டை வீட்டு உடுப்புகளோடு சேர்த்துத் தோய்க்கிற கையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மருந்தடித்து முடிந்தது. இனி அந்த நாட்கள்.

இலைமேல் விழுந்த துளியை வெயில் உடைக்கும், மழை கழுவும், காற்று கொண்டுபோகும். வளரும் காய் அதைத் தன் உடம்பில் பரப்பி ஐதாக்கும். செடிக்குள் இறங்கி ஓடும் வகை மருந்தென்றால் செடியின் உடலே அதை மெல்லமெல்லச் சிதைக்கும். சிட்டையில் உள்ள நாட்கணக்கு இவற்றையெல்லாம் அளந்து வந்த கணக்கு. அதைப் பொறுத்தால் காயில் மிஞ்சுவது அனுமதித்த அளவுக்குள் நிற்கும். அந்த அளவும் நஞ்சின் விளிம்பில் வைத்த கோடல்ல, தீங்கு தெரியும் அளவிலிருந்து பலமடங்கு கீழே, பாதுகாப்புக்கு இடம்விட்டு வைத்த கோடு. ஆகவே மருந்தடித்த மரக்கறியெல்லாம் நஞ்சு என்று பயந்து மரக்கறியையே விடுவது பெரிய பிழை. கேள்வி மருந்து பட்டதா என்பதல்ல, எத்தனை நாளைக்கு முன் பட்டது என்பதுதான்.

பூசணிக்கும் வாழைக்கும் இந்தப் பொறுமை பெரிய காரியமல்ல. காய் செடியில் நிற்கும். பயற்றங்காய் நிற்காது. பாவற்காய், வெண்டி, கத்தரி, பச்சைமிளகாய், கீரை எல்லாம் அந்தச் சாதிதான். ஒரே கொடியில் ஒரே நாளில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பதமான காயும் இருக்கும். பூவில் புழு வந்ததென்று அடிக்கும்போது நாளைக்கு ஆயவேண்டிய காயும் நனைகிறது. ஏழு நாள் பொறுத்தால் மூன்று ஆய்ச்சல் முத்திப்போகும். மூன்று ஆய்ச்சல் போனால், முத்திய காய் கொடியின் சத்தை இழுத்துப் புதுப்பூவும் குறையும். ஒரு போகத்தில் பயற்றங்காய் காய்ப்பதே சில கிழமைதான்.

"ஏழு நாள் போட்டிருக்கு, தெரியும்" என்றார் அக்கா. "எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சியளோ? கொடிக்கு வாசிக்கத் தெரியாது தம்பி."

முந்தநாள் அடித்த காயை அன்று காலை ஆய்ந்தார். ஆய்ந்தவற்றை வாழைநாரால் பிடிபிடியாகக் கட்டி உரப்பைக்குள் அடுக்கினார். கிணற்றடிக்கும் குசினிக்கும் நடுவில் இன்னொரு சின்னப் பந்தல் இருந்தது. நாலு கொடி. இலையில் ஓட்டை, காயில் வளைவு. அதற்கு அவர் மருந்தடிப்பதில்லை. பிள்ளைகளுக்குக் கறி அதிலிருந்துதான். அதை அவர் எனக்கு ஒளிக்கவில்லை. நான் பார்ப்பதைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டார். வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் தோட்டம் செய்கிற எத்தனை வீட்டில் இப்படி வீட்டுக்கென்று வேறொரு வரிசை நிற்கிறது என்பது அந்தந்த ஊர்க்காரருக்குத் தெரியும். மனச்சாட்சி செத்ததால் அல்ல, இருப்பதால்தான் அந்த நாலு கொடி நிற்கிறது என்று நான் நினைக்கிறேன்.

காய் கிளிநொச்சிச் சந்தைக்கு வந்தது. வடக்கின் சந்தைகளில் காலங்காலமாக ஒரு வழக்கம். கமக்காரர் கொண்டுவரும் நிறையில் பத்து வீதத்தைக் கழிவென்று தள்ளிவிட்டு மிச்சத்துக்குத்தான் காசு. எத்தனையோ தரம் எதிர்ப்பும் உத்தரவும் வந்தும் லேசில் ஒழியாத வழக்கம் அது. நூறு கிலோ ஆய்ந்தவருக்குத் தொண்ணூறு கிலோவுக்குத்தான் காசு. புழுக்குத்தின காய் கண்ணில் பட்டால் விலை இன்னும் இறங்கும். மருந்தடித்து ஏழு நாள் பொறுத்தேன் என்று சொன்னால் ஒரு ரூபாயும் கூடாது. அந்தப் பொறுமைக்குச் சந்தையில் விலை இல்லை. ஒரு பொருளுக்கு விலை இல்லையென்றால் அதை எவர் உற்பத்தி செய்வார்?

ஒரு பகுதி கிளிநொச்சியிலேயே சில்லறைக்குப் போகும். மிச்சம் லொறியேறும். முறிகண்டியில் சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார். மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை. போர்க்காலத்தில் வன்னியின் வாசல் ஓமந்தை. ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி, அவிழ்த்து, கம்பியால் குத்திப் பார்த்த இடம். வெயிலில் நின்று வாடிய மரக்கறியின் மணம் அந்த வழியால் போன எல்லாருக்கும் நினைவிருக்கும். இன்று அந்த இடத்தை லொறி நாலாவது கியரில் கடக்கிறது. அன்று பற்றரியும் கம்பியும் தேடினார்கள். காயில் என்ன இருக்கிறது என்று அன்றும் யாரும் தேடவில்லை, இன்றும் தேடவில்லை. வவுனியா தாண்டித் தம்புள்ள பொருளாதார மத்திய நிலையம். அங்கே வன்னிப் பயற்றங்காயும் அநுராதபுரத்துப் பயற்றங்காயும் ஒரே குவியலாகும். அதற்குப் பிறகு அந்தக் காய்க்கு ஊர் இல்லை, ஆய்ந்த கை இல்லை, அடித்த நாளும் இல்லை.

சாப்பாட்டைக் காக்கவும் ஒரு சட்டம் உண்டு. 26ஆம் இலக்க உணவுச் சட்டம். அதுவும் 1980இல் பிறந்ததுதான். ஒரே வயதுப் பிள்ளைகள் இரண்டும். ஒன்று விவசாயத் திணைக்களத்தின் வீட்டில் வளர்ந்து போத்தலைக் காக்கிறது, மற்றது சுகாதார அமைச்சின் வீட்டில் வளர்ந்து கோப்பையைக் காக்கிறது. போத்தல் திறந்ததிலிருந்து கோப்பைக்கு வரும்வரை உள்ள அந்த ஏழு நாளில் சட்டத்தின் வாசகம் நீளலாம், ஆள் நிற்பதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு மாதிரி எடுக்க அதிகாரம் உண்டு. காலாவதியான தகரப்பால், அழுகிய மீன், நிறம் கலந்த இனிப்பு இவற்றைக் கண்ணால் பிடிக்கலாம். மருந்து எச்சத்தைக் கண்ணும் மூக்கும் பிடிக்காது. அதை அளக்கப் பெரிய கருவியும் படித்த கையும் வேண்டும். மாதிரி பேராதனைக்கோ கொழும்புக்கோ போய், முடிவு திரும்பி வருவதற்குள் அந்தக் காய் கறியாகி, தின்று, மறந்தும் போயிருக்கும்.

இதே காய் கடல் கடந்தால் கதை வேறு. பாரிஸ் லாச்சப்பலில் நம்மவர் கடைகளுக்கு முன்னால் பயற்றங்காய் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பதைப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கம்போடியாவிலிருந்தும் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வரும் பயற்றங்காயை மருந்து எச்சத்துக்காக எல்லையில் கூடுதலாகச் சோதிக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் பட்டியல் போட்டது. இலங்கையின் வல்லாரையும் பொன்னாங்காணியும் அதே காரணத்துக்காக அந்தப் பட்டியலில் ஏறின. குளோர்பைரிபொஸ்ஸுக்கு 2020இல் அவர்கள் வைத்த எல்லை, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். பத்துத் தொன் ஏற்றிய பத்து லொறி மரக்கறியில் மொத்தமாக ஒரே ஒரு கிராம். லாச்சப்பலில் வாங்குகிற பிள்ளைக்கு அந்தக் காவல் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் தாய் கிளிநொச்சியில் வாங்குகிற காய்க்கு இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. ஏற்றுமதிக்குச் செய்யக்கூடியதை நம்முடைய சந்தைக்குச் செய்யமுடியாது என்று எவரும் சொல்லமுடியாது. விவசாயத் திணைக்களமே நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் கொடுக்கிறது. தெளித்த நாளையும் மருந்தையும் புத்தகத்தில் எழுதுகிற தோட்டக்காரருக்கு அது கிடைக்கும். பொதியில் ஒட்டிய கியூஆர் குறியைக் கைபேசியால் பார்த்தால் எந்தத் தோட்டம் என்று தெரியும். சரியான வழி அதுதான். ஆனால் அது பொதி கட்டின மரக்கறிக்கு உதவும். வாழைநாரால் கட்டின பிடிக்கு இன்னும் வந்துசேரவில்லை.

அதுவரைக்கும் குசினியில் என்ன செய்வது? மினுங்குகிற காய் மருந்துக்காய், ஓட்டைக்காய் மருந்தில்லாதது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை நம்பவேண்டாம். புழு குத்திய பிறகு அடித்த மருந்தும் ஓட்டைக்காயில் இருக்கும். முறிக்காமல், வெட்டாமல், ஓடும் தண்ணீரில் கையால் உருவிக் கழுவினால் தோல்மேல் ஒட்டியதில் ஒரு பகுதி போகும். கொதிக்கவைத்தால் இன்னும் கொஞ்சம். செடிக்குள் ஊறிய வகையை எந்த உப்புத் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் எடுக்காது. கழுவுவதை விடவேண்டாம், கழுவினால் எல்லாம் சரி என்றும் நினைக்கவேண்டாம். ஒரே மரக்கறியை ஒவ்வொரு நாளும் சமைக்காமல் மாற்றிச் சமைப்பதும், அந்தந்தப் போகத்தில் லேசாக விளைவதை வாங்குவதும், முருங்கை, வாழைப்பூ, பலாக்கொட்டை போன்ற மருந்துக்கு அதிகம் ஆட்படாதவற்றைக் கறிக்குள் கொண்டுவருவதும் புத்தி. வளவில் இரண்டு கொடி வைக்க இடமுள்ளவர்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை.

வன்னிக்காரருக்கு இவற்றைவிடப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. கொழும்பில் வாங்குகிறவருக்கு அது கிடையாது. ஆய்ந்த கையையே சந்தை ஓரத்தில் பார்க்கலாம். உரப்பையை விரித்து அதன்மேல் காயைப் பரப்பிக்கொண்டு குந்தியிருப்பவர் அநேகமாகத் தோட்டக்காரர்தான். அவரிடம் விலை கேட்கிறோம், "முத்தலோ?" என்று ஒடித்துப் பார்க்கிறோம், ஒரு பிடி கூடப் போடச்சொல்லிக் கெஞ்சுகிறோம். எப்போது மருந்தடித்தீர்கள் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பெரிய கருவி தேவையில்லை. பதில் அவருடைய நினைவில் இருக்கிறது.

நான் கேட்கத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல். முதலில் முகம் சுருங்கியது. "ஏன், நீங்கள் கந்தோர் ஆளோ?" என்று ஒரு ஐயா கேட்டார். இல்லை ஐயா, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்றேன். அவர் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, பயற்றங்காயைத் தள்ளிவைத்துவிட்டுப் பூசணிக்கீற்றை எடுத்துத் தந்தார். மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். என்னுடன் படிப்பிக்கிற ஆசிரியைகள் இரண்டு பேர், ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிற ஒரு தம்பி. பத்துப்பேர் கேட்டால் சந்தை மாறிவிடாது. ஆனால் பத்துப்பேர் கேட்ட கேள்வி ஒரு தோட்டத்துக்குள் நடந்து போகும்.

மாசி மாதம் விசுவமடுவுக்குப் போனபோது பம்புக்கொட்டிலின் சுவரில் கரியால் கோடு இழுத்திருந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கோடு, பக்கத்தில் திகதி. முதல் இரண்டு வரிசைக்கு ஒரு கிழமை, அடுத்த இரண்டுக்கு மறுகிழமை என்று விதைப்பையே தள்ளிப் போட்டிருந்தார் அக்கா. மருந்தடிக்கிற நாளில் முதலில் பதமான காய் எல்லாவற்றையும் ஆய்ந்து முடித்துவிட்டுத்தான் அடிக்கிறார். புழு விழுந்த மொட்டைக் கையால் கிள்ளிச் சிரட்டையில் போட்டு எரிக்கிறார். அழுக்கணவனுக்குத் தாயாரின் வேப்பங்கொட்டை. அதற்கும் அடங்காவிட்டால் நாள் குறைந்த மருந்தைக் கடையில் கேட்டு வாங்குகிறார். "கொஞ்சம் நட்டம்தான்" என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை.

அடுத்த கிழமை சந்தை ஓரத்தில் அவரைக் கண்டேன். முன்னால் உரப்பையில் பயற்றங்காய் பச்சையாகப் பளபளத்தது. நான் குந்தி ஒரு பிடியை எடுத்தேன். வாயைத் திறக்கமுதலே அவர் என் கையிலிருந்து அதை வாங்கித் திரும்ப வைத்தார்.

"இது வேண்டாம் தம்பி, பின்வரிசையிலை ஆய்ஞ்சது. வெள்ளிக்கிழமை வாங்கோ."

பிறகு பக்கத்தில் இருந்த சின்னப் பையைத் திறந்து, வளைந்த காய் கொஞ்சம் எடுத்து என் பைக்குள் போட்டார். அது குசினிப் பந்தல் காய். காசு கொடுத்தபோது வாங்கவில்லை.